பெட்டிக்குள் போனவள் திரும்பவில்லை

இன்று கொல்லிமலையில் டீ குடிக்கப் போய், கடைச் சுவரில் இருந்த பழைய மேஜிக் ஷோ போஸ்டரில் மயங்கிவிட்டேன். தலைப்பாகைக்காரர் மந்திரக்கோலை நீட்ட, பெட்டிக்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, இதை எனக்குக் கொடுத்துடுங்களேன்" என்று கடைக்காரம்மாவிடம் பல்லை இளித்தேன்.

"அந்தப் பொண்ணே நான்தானுங்க" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. "பொட்டியத் தொறந்தா ஆளக் காணோம். எல்லாரும் கை தட்டுனாங்க. மறுபடி தொறந்தும் காணோம். இன்னும் பலமாத் தட்டுனாங்க. அதுக்குள்ள நான் இவரு லாரியில அஞ்சு வளைவு எறங்கிட்டேனுங்க."

வடை போட்டுக்கொண்டிருந்த 'இவர்', வெட்கத்தில் ஒரு வடையைக் கருக்கினார்.

"அதை எப்படிங்க குடுக்கறது? எங்க கல்யாணத்துக்குன்னு அடிச்ச நோட்டீசு அது ஒண்ணுதானுங்களே."

என் கல்யாணப் பத்திரிகை எங்கே என்று வீட்டில் கேட்க எனக்குத் தைரியமில்லை. உங்களுடையது எங்கே இருக்கிறது?