மையித்து என்ற சொல்

கொழும்பில் ஆசிரியர் பயிற்சி முடித்துக் கல்முனைக்குத் திரும்பியபோது என் பெட்டியில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. பொதுச் சொற்பொருளியல் என்ற தத்துவத்தைப் பற்றியது. சொல் வேறு, அது குறிக்கும் பொருள் வேறு. இரண்டையும் ஒன்றென்று நம்பித்தான் மனிதர் அடித்துக்கொள்கிறார்கள் என்றது. ஐம்பதுகளில் இந்த நாட்டில் அடிதடிக்குப் பஞ்சமில்லை. நான் அப்படியே மயங்கிவிட்டேன்.

நன்மை இல்லாமலும் இல்லை. வகுப்பில் எவனையும் மக்கு என்று சொல்வதை விட்டேன். இன்றைக்குக் கணக்குப் பிழைத்தது, அவ்வளவுதான். என் பிரம்பில் தூசி படிந்தது. "இதுக்கும் ஒரு பொத்தகம் வேணுமா?" என்று என் மனைவி மட்டும் சிரிப்பாள்.

அவளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஒரு விடியலில் மூச்சு நின்றது. அழுகை ஓயுமுன்னே முற்றத்தில் ஒரு குரல், "மையித்தக் குளிப்பாட்டத் தண்ணி அள்ளுங்க" என்றது. இறந்த உடலுக்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேற்றுவரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தானே!

"அவளுக்குப் பேர் இருக்கு. பேரச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

மாமி கிணற்றடியிலிருந்து வந்தார். "சத்தம் போடாதீங்க மருமகன். பேரச் சொன்னா என்ட புள்ளைக்கு நான் எப்படித் தண்ணி ஊத்துற?"

பெற்றவளே சொல்லுக்குப் பின்னால் ஒளிகிறாளே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். கடலோர மையவாடியில் மண் நிற்காது. குழியின் பக்கங்கள் சரிந்துகொண்டே இருக்கும். நானும் அவளுடைய நானாவும் கபுறுக்குள் இறங்கி அவளை மேற்கே கிப்லாப் பக்கம் திருப்பிக் கிடத்தினோம். நான் கையை எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. தங்கையின் தோளுக்கடியில் கைகளை வைத்தபடி அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்.

"எழும்புங்கா, நானா வந்திரிக்கன்."

மணல் அவள் முகத்துப் பக்கமாகச் சரிந்தது. மேலே நின்றவர்கள் கபுறை மூடும் பலகைகளோடு காத்திருந்தார்கள். காலையில் நான் கேட்டது இந்தப் பெயரைத்தான். அதைக் கேட்கக் கேட்க எனக்கும் அவளை மூட மனம் வரவில்லை. அங்கே செய்ய வேண்டியதற்குப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மச்சான், மையித்த விடுங்க" என்றேன்.

விட்டார். நான் மேலே கைநீட்டி முதல் பலகையை வாங்கினேன்.