ஒரே மோட்டார், இரண்டு சாவி

தாம்பரத்தில் குடிநீர்ப் பொறியாளர்களுக்குப் பயிற்சி தரும் இடத்தில் எனக்கு வேலை. போர் ஓய்ந்த நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். உடைந்துபோன குடிநீர்க் குழாயையும் பாதாளச் சாக்கடையையும் மறுபடி ஓடவைப்பது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பெடுப்போம்.

அப்படி வந்த பெண் பொறியாளர் ஒருவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கத்திலுள்ள என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தேன். ஆட்டோ நின்றதும் பார்த்தால், எங்கள் குடியிருப்பின் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் காலிக் குடங்களோடு எதிரெதிரே நின்றிருந்தன. கீழ்த்தொட்டியில் கொஞ்சம்தான் தண்ணீர். அதை எந்த பிளாக்குக்கு முதலில் ஏற்றுவது என்று தகராறு.

பி பிளாக்கில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “அவரு காரு குளிக்குது. எம் புள்ளைங்க குளிக்கல. இன்னா சார் நியாயம் இது?”

கருத்துப் பரிமாற்றம் நடக்கிறது என்று விருந்தாளிக்கு மொழிபெயர்த்தேன். அதற்குள் காரின் சொந்தக்காரர், ஏ பிளாக்கின் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், வால்வு இருக்கும் குழியின் மூடிமேல் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தச் சண்டை எத்தனை வருடமாக நடக்கிறது என்று விருந்தாளி கவலையோடு கேட்டார்.

பிறகு அவரே வழி சொன்னார். போரின்போது அவர் ஊரில் பம்பு ஒரு தரப்பிடம், வால்வு எதிர்த்தரப்பிடம். இரண்டு பேரும் வந்தால்தான் ஊருக்குத் தண்ணீர். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலும் வந்தார்களாம். இங்கேயும் மோட்டார் அறைச் சாவியை ஒரு பிளாக்கும், வால்வு திருகும் சாவியை மற்றதும் வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

அக்கா யோசித்தார். “அப்போ நான் வராம இவரால தண்ணி ஏத்த முடியாது?”

முடியாது என்றேன்.

“மோட்டார் சாவிய குடுங்க.”

தான் வராமல் அக்காவாலும் முடியாது என்பதை மேனேஜரும் கேட்டுத் தெரிந்துகொண்டு, திருப்தியோடு எழுந்தார்.

அதன்பின் தினமும் காலையில் இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி தண்ணீர் ஏற்றினார்கள். ஒருநாள் மேனேஜர் வால்வுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படப்பையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பிளாக்கிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. முதல்முறையாக எல்லாரும் ஒரே கட்சி. அக்காதான் போன் போட்டார்.

“சார், நீங்க குளிச்சிட்டீங்களா? இங்க ஒருத்தரும் குளிக்கல. சாவிய எடுத்துகினு வாங்க.”

மதியம் வந்து இறங்கினார். ஒரு கையில் சாவி, மறு கையில் பை நிறையச் சூடான போண்டா. முதலில் போண்டாவைத் தின்றோம்.