வயல் வடிய எத்தனை மணி நேரம்

மழை விட்ட அன்று காலையில் வயலுக்கு ஓடினேன். நட்டு வேர் பிடித்திருந்த சம்பாப் பயிரின் நுனிகூட வெளியே தெரியவில்லை. தரங்கம்பாடிப் பக்கத்தில் எங்களுடையது கடைமடை, பாசனத்தின் கடைசி வயல். கடல் ஏறியிருக்கும்போது வடிகால் நிரம்பி நிற்கும். என்ன இறைத்தாலும் தண்ணீர் வயலுக்கே திரும்பிவிடும். கடல் இறங்கியிருக்கும் ஐந்தாறு மணி நேரத்துக்குள் வடித்தால்தான் உண்டு. மூழ்கிக் கிடந்த பயிர் இன்னொரு ராத்திரி தாங்காது. மறுபடி நட அக்கம்பக்கத்தில் யாரிடமும் நாற்று இல்லை.

எங்கள் பழைய இன்ஜின் அந்த வயலை வடிக்கப் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும். வாடகைக்குக் கொண்டுவந்த பெரிய இன்ஜினுக்கு ஆறு. என் கணவர் வரப்பில் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா ஒம்போது மணி நேரம். அதுக்குள்ள கடல் ஏறிடும். முடியாது, விட்டுடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு மாணவர்.

"பெரிசு தனியா ஓடினாலே ஆறு மணி நேரம்தாங்க. கூட ஒரு ஆள் வந்தா வேலை குறையுமா, கூடுமா?"

மணி நேரத்தைக் கூட்டக் கூடாது, அதன் தலைகீழியைக் கூட்ட வேண்டும் என்றேன். பன்னிரண்டின் தலைகீழி பன்னிரண்டில் ஒன்று. பழைய இன்ஜின் ஒரு மணி நேரத்தில் வடிக்கும் பங்கு அது. ஆறின் தலைகீழி ஆறில் ஒன்று, அதாவது பன்னிரண்டில் இரண்டு. சேர்த்தால் பன்னிரண்டில் மூன்று; மணிக்குக் கால் வயல். கால் என்பதை மறுபடி தலைகீழாக்கினால் நான்கு. "நாலே மணி நேரம்ங்க" என்றேன்.

இரண்டு இன்ஜினும் ஓடின. முதல் ஒரு மணி நேரத்தில் பயிர் நுனி தெரிந்தது. அடையாளத்துக்கு நட்டு வைத்த குச்சியில் தண்ணீர் நான் சொன்ன அளவுக்கே இறங்கியிருந்தது. நான் அழுதேவிட்டேன்.

அதற்குப் பிறகு குச்சியில் ஒன்றும் இறங்கவில்லை. இன்ஜின்கள் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தன. மேல் வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மேல் வயல் தண்ணீர் கீழ் வயல் வழியாகத்தான் வடிகாலுக்குப் போகும். அதைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. பிறந்ததிலிருந்து பார்க்கும் வழக்கம். கணக்கில் மட்டும் அதை நான் சேர்க்கவே இல்லை.

ஓடிப்போய்க் கெஞ்சினேன். "அண்ணே, ஒரு மூணு மணி நேரம் அடைச்சு வைங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

அவர் கண்களும் சிவந்திருந்தன. "நான் எங்கம்மா போவேன்? உங்க வழிதான எனக்குப் போக்கு. கடல் ஏறிட்டா என் பயிரும் போயிடும்மா."

திரும்பி நடக்கும்போதே மனம் கணக்குப் போட்டது. மணிக்குக் கால் வயல் வெளியே போகிறது. அதே அளவு உள்ளே வருகிறது. அவர் வயல் வடிந்து முடிவதற்குள் கடல் ஏறிவிடும். கால் வயலிலிருந்து கால் வயலைக் கழித்தால் பூஜ்யம். பூஜ்யத்துக்குத் தலைகீழி கிடையாது. எந்த எண்ணால் பெருக்கினாலும் அது ஒரு வயல் ஆகாது.

கணவர் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு இன்ஜின் பக்கம் நின்றிருந்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்? கணக்குப் போட்டுச் சொல்லு, அதுக்குத் தக்கன ஊத்துறேன்."

அவர் முகத்தில் இருந்தது காலையில் நான் கொடுத்த நம்பிக்கை. "ஊத்தாதீங்க" என்றேன்.