அட்ரினல் செல்லும் ஒரு புகார்க் கடிதமும்

சிறுநீரகத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அபினியின் வேலையைச் செய்யும் ஒரு பொருளையும் உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது. பெயர் என்கெஃபலின். நரம்புகள் சுரக்கும் வி.ஐ.பி. என்ற பெப்டைடை, அதாவது ஒரு குட்டிப் புரதத் துணுக்கை, சொட்டினால் சுரப்பியின் செல்கள் கூடுதலாக என்கெஃபலினை வெளிவிடுமா? தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதுதான் என் முனைவர் பட்டக் கேள்வி.

மாட்டுச் சுரப்பிகள் மேலப்பாளையத்தில் ஒரு இறைச்சிக் கடையிலிருந்து வரும். நான் கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்துப் பையன்; ஒருமுறை அந்தக் கடைக்குப் போய் வாந்தியெடுத்ததோடு சரி. கூட ஆய்வு செய்த கடற்கரை ஊர் நண்பர்தான் எனக்காகச் சைக்கிளில் போய் ஐஸ் குடுவையில் வாங்கி வருவார்.

இரண்டு மாதம் என்கெஃபலின் எண்கள் ஏறின. பிறகு படுத்துவிட்டன. பெப்டைடைச் சொட்டினாலும் சொட்டாவிட்டாலும் செல்கள் ஒரே மாதிரி கிடந்தன. குளிர்பெட்டிச் சாவி எங்கள் இருவரிடம் மட்டுமே இருந்தது. அடுத்த ஆண்டு ஆய்வகத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்று பேராசிரியர் வேறு சொல்லியிருந்தார். நண்பர் வி.ஐ.பி. குப்பியில் வெறும் தண்ணீரை நிரப்பிவிட்டாரோ? மூடியும் குப்பியும் சேருமிடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். கோடு அசையவில்லை. கோடு பார்த்து மூடுகிற கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் அதற்கும் காரணம் தேடினேன். கடைசியில் பேராசிரியருக்குப் புகார் எழுதினேன். மறுநாளே நண்பரின் சாவி பறிபோனது. அவர் வாதாடவில்லை, அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

சுரப்பி வாங்க ஆள் இல்லாததால் நானே போனேன். கடைக்காரப் பாய் சுரப்பிகளை ஆவி பறக்கும் மஞ்சள் தண்ணீரில் முக்கி அலசினார். பதறிப்போய் ஏன் என்று கேட்டேன்.

“அய்யரு வீட்டுத் தம்பிக்குப் போவுது, ரெத்தவாடை ஆவாதுன்னு சைக்கிள்ல வார தம்பி சொல்லிச்சு. ஒரு மாசமா நானாத்தான் இப்படி அலசிக் குடுக்கேன்.”

வெந்நீரில் வெந்த செல் எந்தப் பெப்டைடுக்குப் பதில் சொல்லும்? சுரப்பி மஞ்சளாக வந்ததைக் கொழுப்பென்று நம்பிய ஆராய்ச்சியாளன் நான். குடுவையைத் திறக்கும்போதெல்லாம் நான் மூக்கைப் பொத்தியதை நண்பர் கவனித்திருக்கிறார்.

அன்று மாலையே வண்ணார்பேட்டையில் அவர் அறைக்கு ஓடினேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறேன் என்றேன்.

“உமக்காகத்தான வே அந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” என்றார்.

நான் உண்மையைச் சொன்ன பிறகு பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பியும் அவர் வரவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்குப் போய்விட்டார். பட்டம் எனக்குத்தான் வந்தது.