வாசல் முகத்தின் மீசை

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம் இருந்த எங்கள் வீட்டைப் பற்றி உறவினர் பலவிதமாகச் சொல்வர். இத்தாலியச் சிற்பி ஒருவர் கப்பலேறி வந்து கட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. நான் கண்டவற்றையும், பின்னர் பெரியோரிடம் கேட்டு உறுதிசெய்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். வீடு இன்று இல்லை. நான் பிழையாக எழுதினால் மறுத்துரைக்க அதனால் இயலாது.

அரிசி வணிகரான என் பாட்டனார், மறுமலர்ச்சிக் கால இத்தாலிய மாளிகை ஒன்றின் படத்தைப் பார்த்து முகப்பை அமைத்தார். மூன்று அரைவட்ட வளைவுகள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், சாளரங்களுக்கு மேல் முக்கோண முடிகள். நடுவளைவின் உச்சியில், சுருள்முடியை விரித்த ஒரு பெண்முகம், சுண்ணச்சாந்தில். உள்ளே நுழைந்தால், நெல்வாடை வீசும் சாதாரண நாஞ்சில்நாட்டு வீடுதான்.

நாகர்கோவில் எங்கள் மலையாள மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேராத காலம் அது. அங்கிருந்து அத்தையைப் பெண்பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் படியேறாமல் நின்றுவிட்டார்.

"தலைவிரிச்சவளுக்குக் கீழ குனிஞ்சு என் மவன் வரமாட்டான், கேட்டேளா. கல்யாணத்துக்கு முன்ன இவளுக்கு ஒரு வழி பண்ணணும்."

அப்பா கொத்தனாருக்கு ஆளனுப்பினார். அதுவரை எதற்கும் வாய் திறவாத அத்தை அன்று திறந்தாள்.

"அதைக் கொத்துனா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம், அண்ணே."

சித்தப்பாதான் வழி கண்டார்: உடைப்பானேன், திருஷ்டி பூதமாக்கிவிடலாமே. வாசலில் பூதமுகம் இருப்பதை எந்தச் சம்பந்தியும் குறைசொல்ல மாட்டார். பூதத்தை வரைய விளக்குக்கரியைக் குழைப்பதற்கு அப்பா ஆளிவிதை எண்ணெய் வாங்கிவைத்தார். சித்தப்பாவோ அடுக்களைக்கு வந்து கஞ்சித் தண்ணீர் கேட்டார்.

"ஏணியில உக்காந்து குடிக்கவா, கொழுந்தனாரே?" என்றாள் அம்மா.

"எனக்கில்ல மைனி, மேல இருக்கவளுக்கு. மீசை முளைக்கணும்லா, தெம்பு வேண்டாமா?"

முறுக்குமீசையும் கோரைப்பல்லுமாய் அம்முகம் மாறிற்று. மறுபடி வந்த சம்பந்தியம்மாள் அண்ணாந்து பார்த்து, "இப்பல்லா லெச்சணமா இருக்கு" என்று படியேறினார். கல்யாணம் இனிதே நடந்தது.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை இறங்கியதும் மீசை கன்னங்களில் வழிந்து, சில நாளில் காணாமற்போயிற்று. ஆடிக்கு அழைத்துவரப்பட்ட அத்தை, வாசலில் நின்று நெடுநேரம் மேலே பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வண்ணம் கலக்கத் தெரியாதவரைக் கேலி செய்கிறாள் என்றே நான் எண்ணினேன். எண்ணெயில் குழைத்த கரி சாந்துக்குள் ஊறி, பின் எந்த மழைக்கும் போயிராது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

கஞ்சியைக் கேட்கச் சொன்னது அத்தையா, சித்தப்பா தாமே எண்ணியதா என்பதை நான் அறியேன். அம்முகம் யாருடையது என்பதும் தெரியவில்லை.