கிணற்றுக்குள் திறந்த வாய்

ஈர வேட்டியோடு சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். செருப்பு கிணற்றடியிலேயே கிடந்தது. பின்னால் என் சிநேகிதன் சின்னச்சாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஏலே, நில்லுலே. காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போ."

நிற்க மனம் வரவில்லை. அதனால் நடந்தேன். ஆண்டவருடைய பிள்ளைகளே, அன்று நான் உயிரோடு நடந்தது எப்படி என்று சொல்கிறேன்.

எமர்ஜென்சி முடிந்த கோடை அது. தேவாரத்துக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை முடிந்து, சின்னச்சாமியின் திராட்சைத் தோட்டத்தில் சும்மா கிடந்தேன். அவன் வீட்டுக்குக் கொச்சியிலிருந்து தாமஸ் என்பவர் லீவுக்கு வந்திருந்தார். தண்ணீருக்குள் இறங்கிக் கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்கிற வேலை அவருக்கு. காற்று அடைத்த சிலிண்டரும், வாயில் கவ்வுகிற குழாயும் கொண்டுவந்திருந்தார். தேக்கடி ஏரியில் இறங்க விடவில்லையாம். அதனால் சின்னச்சாமியின் கிணற்றில் வெகுநேரம் இறங்கிக் காட்டினார். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"இது படிச்சிட்டு வேணம் இறங்க," என்றார் தாமஸ், மலையாளம் கலந்து. "சர்ட்டிபிக்கேட் உண்டோ?"

"எட்டாவது பெயிலானவனுக்கு எவன் குடுப்பான்?" என்றேன்.

"அவன் தவளைங்க," என்றான் சின்னச்சாமி. "முங்குனான்னா நாம டீக்கடைக்குப் போயிட்டு வந்துரலாம்."

தாமஸ் சிரித்துவிட்டு சிலிண்டரை என் முதுகில் கட்டினார்.

அடியில் போய் உட்கார்ந்தேன். தண்ணீருக்குள் மூச்சு விடுவது கனவு மாதிரி இருந்தது. திடீரென்று காற்று வரவில்லை; தாமஸ் இறங்கியதிலேயே முக்கால்வாசி தீர்ந்திருக்க வேண்டும். உறிஞ்ச உறிஞ்சக் குழாய் இறுகியது. கிணற்றில் விழுந்து எழுந்து வளர்ந்தவன் என்ன செய்வான்? கிடைத்த காற்றை இழுத்துத் தம் கட்டினேன். வாயை இறுக்கி, காலை உதைத்து மேலே கிளம்பினேன்.

பாதி வழியில் நெஞ்சு உப்பியது. உள்ளே யாரோ சைக்கிள் பம்பு அடிப்பது போல் இருந்தது. தம் கட்டிப் பழகிய எனக்கு அப்படி ஒரு வலி வந்ததே இல்லை. செத்தேன் என்று தெரிந்தது.

கோயிலில் பின் பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுக்கிறவன் நான். சத்தமாக ஜெபித்ததே கிடையாது. அந்தத் தண்ணீருக்குள் "இயேசுவே" என்று கத்தினேன். குழாய் தெறித்துப் போனது. கத்தக் கத்தக் காற்று குமிழியாகப் போய்க்கொண்டே இருந்தது. தீரவே இல்லை. தலை வெளியே வந்தபோதும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

தாமஸ் என்னை இழுத்துப் படியில் போட்டார். "வாய் அடச்சிட்டா வந்தே?"

"பாதி வரைக்கும். அப்பறம் ஆண்டவரைக் கூப்பிட்டேன்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆழத்திலே இழுத்த காற்று மேலே வர வரப் பெருகும். வாய் மூடி வந்தா நெஞ்சு பொட்டிப் போகும். ஞான் அது சொல்லலை. மறந்து போச்சு." சிலிண்டரை என் முதுகிலிருந்து அவசரமாகக் கழற்றினார்.

எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தைதான் என்னைக் கொல்ல இருந்தது. ஆண்டவர் கயிறு போடவில்லை, ஆள் அனுப்பவில்லை. கூப்பிட வைத்தார், கூப்பிட்டதிலேயே காப்பாற்றினார். தாமஸ் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எழுந்து கம்பம் ரோட்டில் நடக்கத் தொடங்கினேன்.

அன்று முதல் எந்த ஊரில் இருந்தாலும் வாய்விட்டுத்தான் ஜெபிக்கிறேன். உங்களுக்கும் நெருக்கடி வரும். எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். அவரைக் கூப்பிடுங்கள், கேட்பார்.

கிணற்றில் பிழைத்ததற்கு மறுநாள் காலை கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். தனியார் பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுகிறவர் என்னைப் பார்த்தார்.

"ஏலே, சும்மாதான நிக்கிற? தேனி, மதுரைக்கு ஆள் கூப்பிடுறியா? தொண்டை இருக்கா?"

நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. மூச்சை முழுதாக இழுத்து, "தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை" என்று கத்தினேன். எங்கும் வலிக்கவில்லை. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மறுபடியும் கத்தினேன். மறுபடியும்.

"போதும்லே," என்றார் அவர். "மதுரைக்காரன் இங்கன ஓடி வந்துறப் போறான்."