எண்ணெய் போட்ட நூல்

என் மனைவியின் தம்பி வளைகுடா வேலையை விட்டு வந்தபோது ஒரு டவுன்ரிக்கரைக் கொண்டுவந்தான். சிறிய ராட்டினம் போன்ற கருவி. படகின் ஓரத்தில் பொருத்தி, அதன் கம்பியில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலுக்குள் இறக்க வேண்டும். தூண்டில் நூலைக் குண்டுக்கு மேலே ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டால், படகு ஓடும்போது இரை அதே ஆழத்தில் பின்னால் வரும். மீன் கடித்து இழுத்ததும் கிளிப் நூலை விட்டுவிடும்.

கொண்டுவந்ததோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் சபையில் எதிலும் முதல் பலனை அறுப்பின் பண்டிகைக்குப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். மரச்சீனிக் கிழங்கு வரும், வாழைக்குலை வரும், கோழியும் வரும். இவன் ஆராதனைக்கு நடுவே எழுந்து நின்று, புதுக் கருவியில் பிடிக்கும் முதல் நெய்மீன் இந்தப் பண்டிகைக்கு என்று அறிவித்துவிட்டான். படகு கிடைத்ததோ பண்டிகைக்கு முந்தின நாள் மட்டும்.

நூல் விஷயம் என்னிடம் வந்தது. தாலுகா அலுவலகத்தில் விதி பார்த்தே காலம் தள்ளியவன் நான். ஓய்வுக்குப் பிறகு தூண்டிலையும் படித்துவிட்டுத்தான் தொட்டேன். அவன் நெய்யாற்றின்கரையில் பின்னல் நூல் வாங்கி வந்திருந்தான். பச்சை நிறம் அழகாக இருந்ததாம். பின்னல் நூலுக்கு வலு உண்டு. ஆனால் அது மெல்லியது, வழுவழுப்பானது, கிளிப்பின் ரப்பரில் நிற்காது. நீண்டு கொடுக்காது என்பதால் மீன் அடிக்கும் வேகம் நேராக முடிச்சில் இறங்கும். அதை மாற்றி ஒற்றை இழை நைலான் நூலான தங்கூசி வாங்கச் சொன்னேன். அதிலும் தடிமன் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் நீரோட்டம் தள்ளி நூல் வில்லாக வளைந்துவிடும். நெய்மீனுக்குப் பல் கூர்மை, ஆகவே இரைக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி. நூல் முறுக்கேறாமல் இருக்க நடுவில் ஒரு சுழலி. ஒவ்வொரு முடிச்சையும் எச்சில் தொட்டு நனைத்த பிறகே இறுக்கினேன். காய்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டிலேயே நூல் பலம் இழக்கும்.

முடித்ததும், இனி இதைத் தொடாதே என்று சொல்லி அவன் கையில் கொடுத்தேன். தமிழில்தான் சொன்னேன். கேட்டிருந்தால் மலையாளத்திலும் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை விடிந்ததும் குளத்தூர்க் கடற்கரையிலிருந்து புறப்பட்டோம். குண்டை இறக்கினால் கிளிப்பிலிருந்து நூல் நழுவியது. மறுபடி மாட்டினேன். மறுபடி நழுவியது. விரலை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"எலே, நூலுக்கு என்ன போட்ட?"

"உப்புக்காத்துல்லா அத்தான். கொஞ்சம் எண்ணெய் தடவினேன். எங்க வீட்டுல கதவுக் கீலு, தையல் மெஷினு எல்லாத்துக்கும் போடுவோம்லா."

படகுக்காரர் எட்டிப் பார்த்தார். "சாரே, இது மீன் பிடிக்கவா, பப்படம் பொரிக்கவா?"

ரீலில் எண்ணெய் பட்ட வெளிச்சுற்றை வெட்டி எறிந்தேன். ஆடும் படகில் உட்கார்ந்து சுழலி, கம்பி, இரை எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினேன். இந்த முறை கிளிப் பிடித்தது. அரை மணி நேரம் ஓடியிருப்போம், கிளிப் நூலை விட, குனிந்திருந்த தூண்டில் கம்பு சட்டென்று நிமிர்ந்து, பிறகு வளைந்தது. தூரத்தில் நெய்மீன் ஒன்று வெள்ளிபோலப் புரண்டதை மூன்று பேரும் பார்த்தோம்.

"ரீல் பிரேக்கை முறுக்கு," என்றேன்.

"முறுக்கிட்டேன் அத்தான். பிடிக்க மாட்டேங்குது."

"ரீலைத் திறந்தியா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "உள்ளயும் ரெண்டு சொட்டு விட்டேன். சுகமா ஓடட்டும்னு."

சுகமாகத்தான் ஓடியது. பிரேக்கின் தகடுகள் ஒன்றையொன்று உரசிப் பிடிப்பதால்தான் மீன் களைக்கிறது. இந்த மீன் களைக்க ஒரு காரணமும் இல்லை. நூல் முழுவதையும் உருவிக்கொண்டு, கடைசி முடிச்சையும் அறுத்துக்கொண்டு போனது. கரை வரும்வரை படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விட்டிருந்தால் அவனைக் கடலில் தள்ளியிருப்பேன்.

மறுநாள் எல்லார் கையிலும் முதல் பலன் இருந்தது. இவன் வெறுங்கையோடு சாட்சி சொல்ல எழுந்தான். உட்கார்ந்திருப்பான் என்று நம்பியது என் தப்பு.

"கர்த்தர் பெரிய மீனைக் காட்டித் தந்தாரு. நூலு சரியில்லாம போச்சு. அடுத்த பண்டிகைக்கு உண்டு."

சபை அல்லேலூயா சொன்னது. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பின் வரிசைக்காரர் என் தோளைத் தொட்டார். "சார், நூலு நீங்க எடுத்ததாக்கும், இல்லியா?"

போதகர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"நூல் நான் எடுத்தது. எண்ணெய் அவன் போட்டது."

 போதகர், கண்ணைத் திறக்காமலே, குடும்பங்களின் சமாதானத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார்.